அம்பாசடர்: சொகுசு கெடாமல் பின்பக்கத்தைத் தூக்க என்ன வழி?

வணக்கம். 1996 அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட், பெட்ரோல், கோவை. இரண்டு பேர் போனால் ஒரு குறையும் இல்லை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் லக்கேஜ் என்று ஏறினால் பின்பக்கம் படுத்துவிடுகிறது. ஸ்பீட் பிரேக்கரில் ஆக்சில் போய் பம்ப் ஸ்டாப் ரப்பரில் ‘டொம்’மென்று இடிக்கிறது; இறங்கிய பிறகும் இரண்டு மூன்று தடவை ஆடித்தான் அடங்குகிறது.

பின் ஷாக் அப்சார்பர் ஜோடியாகப் புதுசு. ஷேக்கிள் (ஸ்பிரிங் நுனியைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு) புஷ் எல்லாம் மாற்றியாச்சு. பின் லீஃப் ஸ்பிரிங்கின் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) பட்டைகளைப் பிரித்துத் துரு தேய்த்து கிராஃபைட் கிரீஸ் வைத்ததில் கிறீச் சத்தம் போனது, தாழ்வு போகவில்லை. உடைசல் இல்லை, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் சரி. ஆனால் கழற்றித் தரையில் வைத்தால் வளைந்திருக்க வேண்டிய மெயின் பட்டை கிட்டத்தட்ட நேராகக் கிடக்கிறது. முன்பக்க டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி ஸ்பிரிங்) உயரம் இருபக்கமும் சமம்.

கூடுதலாக ஒரு பட்டை போடலாம் என்கிறார் மெக்கானிக். சுமை தாங்கும், சரி. காலி வண்டி ஜீப் மாதிரி தூக்கிப் போடுமே! பழைய பட்டைக்கே வளைவு ஏற்றலாம்தான், டெம்பர் (சூடேற்றிக் கொடுக்கும் உறுதி) சரியாக ஏறாவிட்டால் மறுபடி படுத்துவிடும்.

அதே எண்ணிக்கையில் புதுப் பட்டை செட், கூடவே கேஸ் ஷாக் (கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர்) என்று போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: காலி வண்டியில் சொகுசு குறைந்ததா?