பிலிப்போஸ் என்னும் கிரேக்கப் பெயரின் பொருள் என்ன?

கேள்வி:
வணக்கம். தமிழ் விவிலியத்தில் பிலிப்பு என வரும் பெயர் கிரேக்கத்தில் பிலிப்போஸ் என்பதாகும். இதன் பொருளையும், இயேசுவின் சீடரும் யூதருமான ஒருவருக்குக் கிரேக்கப் பெயர் அமைந்த காரணத்தையும் யாரேனும் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
அன்புடையவர் எனப் பொருள்படும் 'பிலோஸ்', குதிரை எனப் பொருள்படும் 'ஹிப்போஸ்' ஆகிய இரண்டும் இணைந்து 'குதிரைகளை விரும்புபவர்' என்றாயின. குதிரை வளர்க்க மேய்ச்சல் நிலமும் செல்வமும் தேவைப்பட்டதால், ஹிப்போஸ் கலந்த பெயர்கள் உயர்குடிச் சாயல் கொண்டிருந்தன. ஏதென்ஸ் நகர அரசியல் தலைவர் பெரிக்ளிஸின் தந்தை பெயரான சாந்திப்போஸும் அவ்வகையே. 'ஹிப்போஸ்' என்பதும் வடமொழியின் 'அசுவ' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பதில் 2:
இப்பெயரைப் புகழ்பெறச் செய்தவர், கி.மு. 359 முதல் 336 வரை மாசிடோனியாவை ஆண்ட இரண்டாம் பிலிப், அதாவது அலெக்சாந்தரின் தந்தை. கி.மு. 356இல் அவருடைய குதிரை ஒலிம்பியாவில் வென்றது; பெயரின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி வேறில்லை என்பேன். கிரெனிடெஸ் என்னும் ஊரைக் கைப்பற்றி, அதற்குப் பிலிப்பி எனத் தம் பெயரையே சூட்டினார்.

பதில் 3:
கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு: அலெக்சாந்தருக்குப் பின் கிரேக்க மொழி கிழக்கு நாடுகளில் பரவியபோது பெயர்களும் பரவின. பெத்சாயிதா ஊரைச் சேர்ந்த பிலிப்புவைப் போலவே, அவ்வூர்க்காரரான மற்றொரு சீடர் அந்திரேயாவின் பெயரும் கிரேக்கமே. யூதேயாவை ஆண்ட பெரிய ஏரோதுவின் மகன் ஒருவருக்கும் பிலிப்பு என்றே பெயர்.