கால் பெருவிரல் மேலே மடங்கவில்லை: வளைத்துப் பயிற்சி செய்தால் இறுக்கம் விடுமா?

கேள்வி (நடைவிரும்பி):

வயது 51. வலது கால் பெருவிரலின் அடி மூட்டு இரண்டு வருடமாக இறுகிக்கொண்டே வருகிறது. மேல்நோக்கி 25 டிகிரியோடு நின்றுவிடுகிறது, கீழ்நோக்கி ஓரளவு மடங்குகிறது. மூட்டின் மேல்புறம் கெட்டியான புடைப்பு. ஷூ உரசினால் சிவக்கிறது. படி ஏறும்போதும் முன்காலில் குந்தும்போதும் வலி. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைவு, மேல்புறம் எலும்பு முளை. ஹாலக்ஸ் ரிஜிடஸ் (பெருவிரல் அடி மூட்டு தேய்ந்து இறுகும் நோய்), இரண்டாம் நிலை என்றார்கள். யூரிக் அமிலம் சரியாக இருக்கிறது. தினமும் கையால் விரலை மேலே வளைத்து 30 விநாடி பிடிக்கிறேன், மறுநாள் வலி கூடுகிறது. தொடரலாமா? ஆபரேஷனைப் பற்றி எந்தக் கட்டத்தில் யோசிக்க வேண்டும்?

பதில் 1 (பிசியோ_மாறன்):

அந்தப் பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். தசைநாரோ மூட்டுறையோ இறுகியிருந்தால் கடைசி எல்லையில் ரப்பர் போலக் கொஞ்சம் இழுபடும். உங்களுக்கு அங்கே இருப்பது எலும்பு. விரல் எலும்பின் மேல் விளிம்பு, பாத எலும்பின் தலையில் முளைத்த கட்டியில் போய் முட்டுகிறது. கதவுக்குப் பின்னால் கல் கிடக்கும்போது கதவைத் தள்ளினால் கீல்தான் கெடும். வளைக்க வளைக்க அங்கே நசுங்குகிற சவ்வு வீங்கும். மறுநாள் கூடும் வலி அதுதான்.

பதிலாக இதைச் செய்து பாருங்கள். ஒரு கையால் மூட்டுக்குப் பின்னால் பாத எலும்பை அசையாமல் பிடியுங்கள். மறு கையால் விரலின் அடிப்பகுதியை (நுனியை அல்ல) நீளவாக்கில் மெல்ல இழுத்து 10 விநாடி வைத்து விடுங்கள். இப்படி 10 முறை. இழுத்த நிலையிலேயே விரலை மேலும் கீழும் சில மில்லிமீட்டர் மட்டும் நகர்த்தலாம், முட்டும் இடத்துக்குப் போக வேண்டாம். வெந்நீரில் 10 நிமிடம் கால் வைத்த பிறகு செய்தால் எளிது. செய்த வலி ஒரு மணி நேரத்துக்குள் தணிய வேண்டும், தணியாவிட்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

கெண்டைக்கால் தசையையும் கவனியுங்கள். அது இறுகியிருந்தால் நடையில் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பும், முன்பாதத்தின் மேல் பாரம் அதிகநேரம் தங்கும். சுவரைப் பிடித்து, பின்காலின் முழங்காலை நேராக வைத்து, குதிகால் தரையில் படும்படி 30 விநாடி, 3 முறை.

யூரிக் அமிலம் பற்றி ஒன்று. கௌட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம்) தாக்கும் நேரத்திலேயே ரத்தத்தில் அளவு சரியாக இருப்பதுண்டு. அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஆனால் கௌட் பெரும்பாலும் இரவோடு இரவாக வரும், மூட்டு சிவந்து சூடாகி, போர்வை பட்டாலே தாங்காது. உங்களுடையது மெதுவாக இறுகியது, மேலே கட்டியும் இருக்கிறது. தேய்மானக் கதைதான்.

பதில் 2 (பாதணி_கைவினை):

இரண்டாம் நிலையில் பாதி வைத்தியம் ஷூதான். பலரும் தவறுவதும் இங்கேதான்: வலிக்கிறது என்று மெத்தென்ற, எப்படியும் வளைகிற ஷூவைத் தேடுவார்கள். அடிப்பாகம் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவுக்கு மூட்டும் வளைந்தாக வேண்டும்.

வாங்கும்போது குதிப்பக்கத்தையும் நுனியையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மூட்டு வரும் இடத்தில் சுலபமாக மடங்கினால் வேண்டாம். நுனி மேல்நோக்கி வளைந்த ராக்கர் சோல் நல்லது, ஆனால் உருளத் தொடங்கும் இடம் மூட்டுக்குச் சற்றுப் பின்னால் அமைய வேண்டும். அது மூட்டைத் தாண்டி முன்னால் போனால் விரல் வளைந்த பிறகுதான் ஷூ உருளும், போட்டும் பயனில்லை. குதி உயரம் குறைவாக இருக்கட்டும். குதி உயர்ந்தால் நிற்கும்போதே விரல் மேலே மடங்கிய நிலைக்குப் போய்விடும்.

ஏற்கெனவே உள்ள ஷூவுக்கு கார்பன் ஃபைபர் தகடு போடலாம். இன்சோலைக் கழற்றி, அடியில் தகட்டை வைத்து, மேலே இன்சோலைப் போட வேண்டும். இடம் குறையும், கட்டி மேலே இடிக்கும். அதனால் ஆழமான முன்பகுதியும் கழற்றக்கூடிய இன்சோலும் உள்ள ஷூவே தகட்டுக்குச் சரி. முழுத்தகடு விறைப்பாகத் தோன்றினால், பெருவிரலின் கீழ் மட்டும் நீளும் மார்ட்டன் நீட்சி வகை உண்டு. முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கயிறு கட்டும்போது புடைப்புக்கு நேரான துளையை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் வெறுங்கால் வேண்டாம், விறைப்பான செருப்பு போடுங்கள். குந்த வேண்டியிருந்தால் குதிகாலைத் தரையில் பதித்துக் குந்துங்கள்.

நடைவிரும்பி:

நன்றி. வெளி ஓரத்தில் பாரம் போட்டு நடந்தால் வலி குறைகிறது, அப்படியே நடக்கலாமா? மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்றும் சொல்கிறார்கள்.

பதில் 3 (எலும்பியல்_வாசகர்):

வெளி ஓர நடை வேண்டாம். பாரம் மற்ற விரல்களின் அடிக்கு மாறி அங்கே வலி தொடங்கும், முழங்காலும் இழுபடும். ஊசி ஆரம்ப நிலையில் சில வாரங்களோ சில மாதங்களோ தணிக்கும், முளையைக் கரைக்காது. சர்க்கரை இருப்பவர்களுக்குச் சில நாட்கள் அளவு ஏறும். ஆபரேஷன் நெருங்கும் நேரத்தில் போட்டால் தொற்று அபாயம் கூடும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்குவதற்கு முன், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், ரத்தம் உறையாமைக்கான மருந்து ஏதும் உண்டா என்று சொல்லிவிடுங்கள். பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் உடலுக்குள் போகும் அளவு குறைவு.

ஆபரேஷனைத் தீர்மானிப்பது எக்ஸ்ரே மட்டுமல்ல, வலி எந்த இடத்தில் வருகிறது என்பதும்தான். கடைசி எல்லையில் முட்டும்போது மட்டும் வலியென்றால் சீலெக்டமி: முளையோடு பாத எலும்புத் தலையின் மேற்பகுதியில் கால் பாகம் முதல் 30 சதவீதம் வரை சீவி எடுப்பார்கள். நடுவில், லேசாக அசைத்தாலே வலியென்றால் குருத்தெலும்பு பெரும்பாலும் போய்விட்டது. அப்போது சீவினால் ஏமாற்றம்தான், மூட்டை இணைத்துவிடும் ஃப்யூஷனே நம்பகமானது. நீங்கள் சொல்வது முதல் வகை போலத் தெரிகிறது. மருத்துவர் கையால் அசைத்துப் பார்த்து உறுதி செய்யட்டும். சில மாதங்கள் சரியான ஷூவோடு நடந்தும் அன்றாட நடை தடைபட்டால் கேளுங்கள்.

சீலெக்டமிக்குப் பிறகு காயம் அனுமதித்ததும் விரலை அசைக்கத் தொடங்க வேண்டும். வலிக்குப் பயந்து விட்டால் தழும்பு மறுபடி இறுக்கிவிடும். வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். தேய்மானம் பின்னாளில் முற்றினால் அப்போதும் ஃப்யூஷனுக்கு வழி உண்டு.

ஃப்யூஷனில் கோணம்தான் உயிர். தரையிலிருந்து 10 முதல் 15 டிகிரி உயர்ந்து, விரலின் சதை தரையை லேசாகத் தொட வேண்டும். அதிகம் உயர்ந்தால் நகம் ஷூவில் இடிக்கும், தாழ்ந்தால் நுனி மூட்டு தேயும். எலும்பு சேர 6 முதல் 12 வாரம். புகைப்பவர்களுக்குச் சேராமல் போகும் வாய்ப்பு அதிகம், முன்பே நிறுத்த வேண்டும். சேர்ந்த பிறகு வேகநடை முடியும், உயர்குதி செருப்பு முடியாது.

செயற்கை மூட்டு வேண்டும் என்று கேட்பதற்கு முன் யோசியுங்கள். சிலிகோன் வகை தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள எலும்பை அரித்ததுண்டு. அமெரிக்காவில் 2016-ல் அனுமதி பெற்ற செயற்கைக் குருத்தெலும்பு வகையை, மறு ஆபரேஷன்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமானதால் 2024-ல் தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். கழற்றிவிட்டு ஃப்யூஷன் செய்தால், போன எலும்புக்கு ஈடாக வேறிடத்திலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டிவரும்.

மருத்துவரைப் பார்க்கும்போது, நின்றபடி பாரம் போட்டு எடுத்த எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். படுத்து எடுத்ததில் இடைவெளி உள்ளதைவிட அகலமாகத் தெரியும்.