கோமாரி ஆய்வுக்கு மாட்டு ரத்தம் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கோமாரி (மாட்டுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வரும் வைரஸ் நோய்) கண்காணிப்புக்காக எங்கள் ஊர் மாடுகளுக்கு அடுத்த வாரம் ரத்த மாதிரி எடுக்க வருகிறார்கள். தடுப்பூசி போட மறுக்காதவர்கள்கூட ரத்தம் என்றதும் தயங்குகிறார்கள். சினை மாடு கன்று வீசிவிடும், பால் வற்றிவிடும், நோய் இருப்பது தெரிந்தால் சொசைட்டியில் பால் எடுக்க மாட்டார்கள் என்று ஆளுக்கொரு பயம்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். அது மாட்டுக்கு வேலை செய்ததா என்பது ரத்தத்தில்தான் தெரியும். இன்னொன்றும் பார்ப்பார்கள். வைரஸ் உடம்புக்குள் பெருகும்போது உண்டாகும் சில புரதங்களைத் தடுப்பூசி தயாரிக்கும்போது நீக்கிவிடுவார்கள். அவற்றுக்கு எதிரான சக்தி ரத்தத்தில் இருந்தால், வாயிலும் குளம்பிலும் புண் தெரியாமலேயே வைரஸ் வந்து போயிருக்கலாம். ஊசி போட்ட ஊரில் இதைக் கண்டுபிடிக்க வேறு சுலபமான வழி இல்லை. ஆனால் என் வாய்ப்பேச்சை விட, கொடுத்தவர்கள் சொன்னால் நம்புவார்கள்.

அதனால் கேட்கிறேன்: கழுத்து நரம்பில் எடுத்த பிறகு பால் குறைந்ததா? சினை மாட்டுக்கு ஏதாவது ஆனதா? முடிவை மாட்டுக்காரரிடம் தனித்தனியாகச் சொன்னார்களா?

அப்புறம், எங்கள் செவலைப் பசு தீவனத் தொட்டியில் உரசி உரசிக் அடையாள எண் உள்ள காது வில்லையைப் பிய்த்துவிட்டது. பழைய 12 இலக்க எண் அட்டையில் இருக்கிறது. புது வில்லை போட்டால் பழைய ஊசி விவரமெல்லாம் அதில் சேருமா?

ரத்தம் எடுக்கும் வீடியோ இருந்தால் தயவுசெய்து போடுங்கள், வீடு வீடாகக் காட்டுகிறேன்.