புதுப்பிப்பு: அப்பாவின் குதிகால் புண்ணைக் கழுவ எது?

சர்க்கரை நோயுள்ள அப்பாவின் குதிகால் புண்ணைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடா, டெட்டாலா, பெட்டாடினா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மூன்றும் இல்லை! கட்டு மாற்றும் நர்ஸ் அக்கா எடுத்தது வெறும் நார்மல் சலைன், அதாவது 0.9 சதவீத உப்புநீர். உடலின் திரவத்தோடு ஒத்துப்போவதால் அவ்வளவாக எரியாது, புதிதாக வளரும் சதையையும் கெடுக்காது. பெராக்சைடு நுரைத்துப் பொங்கினால் அழுக்கு வெளியேறுகிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது நல்ல செல்களையும் சேர்த்தே அழிக்குமாம். சலைன் பாட்டிலைத் திறந்தால் 24 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிடச் சொன்னார். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சில்லென்று ஊற்றவும் கூடாது. சரி, மஞ்சள்பொடி அப்பச் சொன்ன பெரியப்பாவிடம் இதை யார் சொல்வது?