லோ-டெக்குக்கு "தாழ்நுட்பம்"னு போட வேணாமே

வணக்கம்,

low-techங்கற ஆங்கிலச் சொல்லுக்கு தமிழ்ல நீங்க சொன்னது:

> லோ-டெக் = தாழ்நுட்பம். ஹை-டெக்குக்கு உயர்நுட்பம்னு இருக்கறதால எதிர்ச்சொல்லா இதையே வெச்சுக்கலாம்.

அக்கா, எதிர்ச்சொல் கணக்குக்கு சரியா வருது, ஆனா நான் எழுதிட்டு இருக்கற கட்டுரை சிட்ரோயன்ங்கற பிரெஞ்சு கம்பெனியோட 2சிவி காரைப் பத்தினது, அதுல போய் தாழ்நுட்பம்னு எழுத கை வரமாட்டேங்குது. 1948ல பாரிஸ் மோட்டார் ஷோவுல காட்டின வண்டி. 375 சிசி, 9 குதிரைத்திறன், அவ்ளோதான். ரேடியேட்டர் கெடையாது, வாட்டர் பம்ப் கெடையாது, காத்துலயே ஆறிக்கும். ஃபேனை எஞ்சினோட சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முனையிலயே நேரா மாட்டிட்டாங்க, அதனால அந்த ஃபேனுக்கு அறுந்துபோக பெல்ட்டே இல்ல.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாததுதான். ரெண்டு சிலிண்டரும் எதிரெதிரா படுத்திருக்கும், ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்துல மேல் முனைக்கு வந்துரும், ஒண்ணுல பெட்ரோல் கலவை அமுங்கி எரியறதுக்கு ரெடியா இருக்கறப்ப இன்னொண்ணு புகையை வெளிய தள்ளிட்டு இருக்கும். எந்த பிளக்குக்கு எப்ப கரண்ட் அனுப்பணும்னு எதுக்கு ஒரு பாகம் வெச்சு பங்கு போடணும், ரெண்டுக்குமே சேத்து அடிச்சு விடு, புகை இருக்கற பக்கம் பொறி விழுந்தா என்ன ஆயிரப்போகுதுன்னு விட்டுட்டாங்க. இதை யோசிச்சவனோட மூளை தாழ்வா? சிலிண்டருக்கும் அதோட மூடிக்கும் நடுவுல கசியாம இருக்க வெக்கற ஹெட் கேஸ்கெட்டும் கெடையாது, ஆனா அது இல்லாம கசியாம இருக்கணும்னா ஒட்டிச் சேர்ற முகத்தை எவ்ளோ துல்லியமா கடையணும்னு லேத்துல நின்னவங்களைக் கேளுங்க.

சஸ்பென்ஷனும் அப்படித்தான். உழுத வயல்ல ஓட்டிட்டு போனாலும் கூடையில முட்டை ஒடையக்கூடாதுன்னு அப்போ சிட்ரோயன் தலைவரா இருந்த பூலான்ஷே கேட்டாராம். முன் சக்கரத்தையும் அதே பக்கத்து பின் சக்கரத்தையும் நடுவுல ஸ்பிரிங் டப்பா வெச்சு இணைச்சுட்டாங்க, முன்ன மேடு ஏறினா பின் பக்கத்தையும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், வண்டி மட்டமா போகும்.

ஒத்துக்கறேன், எல்லாமே இப்படி இல்ல. ஆரம்ப மாடல்ல வைப்பரை ஸ்பீடோமீட்டர் கேபிள்தான் ஓட்டும். மெதுவா போனா வைப்பரும் மெதுவா அசையும், நின்னா நாமதான் கையால திருப்பணும். இது சுத்த கஞ்சத்தனம்.

சொல்லுக்கு வர்றேன். சிக்கனப் பொறியியல்னு முதல்ல நெனச்சேன், ஆனா கார்னு வந்துட்டா சிக்கனம்னாலே மைலேஜ்னுதான் படிக்கறவங்க எடுத்துப்பாங்க. "கட்டும் செட்டுமா குடும்பம் நடத்தறா"ன்னு சொல்றோமே, அந்த செட்டுதான், அதாவது எதையும் வீணாக்காம அளவா நடத்தறதுதான், இங்க சரியான குணம். அதனால செட்டுநுட்பம். என்ன சொல்றீங்க?

---

தம்பி,

பொருள் பிரமாதம், ஆனா இந்தக் காலத்துப் பிள்ளைங்க டிவி செட்டு நகை செட்டுன்னுதான் படிக்கும், நீ ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்பு போட்டுட்டு இருக்க முடியாது. "எளிநுட்பம்"னு வை. எளிநடைன்னு சொல்றோம்ல, அந்த மாதிரி. எளிநடைன்னா எழுதத் தெரியாதவன் நடைன்னு யாரும் நெனைக்கறதில்ல. "எளிய நுட்பம்"னு பிரிச்சு மட்டும் எழுதிராதே, வீட்டுக் குறிப்பு மாதிரி ஆயிரும்.

அப்புறம் அந்த வீணா அடிக்கற ஸ்பார்க்குக்கு என்ன வெச்சிருக்கே?

---

அக்கா,

செட்டை விட மனசில்ல, ஆனா நீங்க சொல்றது சரி. "எளிநுட்பக் கார்", "எளிநுட்ப எஞ்சின்"னு எழுதிப் பார்த்தேன், நல்லாவே உக்காருது, எளிநுட்பமே இருக்கட்டும். நுட்பம்ங்கறதும் உள்ள இருக்கறதால ஏளனமா தெரியல. வைப்பருக்கு மட்டும் இந்தப் பட்டத்தை தரமாட்டேன்.

ஸ்பார்க்குக்கு "வீண்பொறி"ன்னு போட்டேன், அப்புறம்தான் உறைச்சுது, பொறின்னா எந்திரமும்தான், படிக்கறவங்க வெட்டி எஞ்சின்னு எடுத்துப்பாங்க. 1990 வரைக்கும் தயாரிச்ச வண்டியோட எஞ்சினை அப்படிச் சொன்னா அடுக்குமா? "மிகைத்தீப்பொறி"ன்னு ஒண்ணு தோணுது, கொஞ்சம் நீளம். வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்.