வாயுக் கருவியில் 24 பிக்கோ நொடி எப்படி?

கல்லல்_மாணவி:
காரைக்குடியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். செமினாருக்கு மைக்ரோமெகாஸ் எடுத்திருக்கிறேன்; துகள்களைப் பிடிக்கும், நுண்வலை வைத்த வாயுக் கருவி அது. வாயுவில் எலக்ட்ரான் நகரும் வேகம் நானோ நொடிக்குச் சுமார் 50 மைக்ரான். 3 மி.மீ. கடக்கவே 60 நானோ நொடி ஆகிறது. ஆனால் அதே வகையான பிக்கோசெக் கருவி மியூவானை (எலக்ட்ரானைப் போன்ற, அதைவிடக் கனமான துகள்) 24 பிக்கோ நொடித் துல்லியத்தில் பிடிக்கிறதாம். ஆயிரம் பிக்கோ நொடிதானே ஒரு நானோ நொடி. கணக்கு உதைக்கிறதே?

மதுரைப்_பயணி:
ஆர்.பி.சி.யையும் பாருங்கள், மின்தடைத் தகடுகளுக்கு நடுவே வாயு ஓடும் கருவி. மதுரையில் மியூவான்களைப் பிடிக்கும் மினி-ஐகால் கருவியில் தகடுகளுக்கு இடையே 2 மி.மீ. இடைவெளி, துல்லியம் ஏறத்தாழ 1 நானோ நொடி. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் ஆலிஸ் சோதனையில் 250 மைக்ரானில் பத்து இடைவெளிகள். அது பத்து மடங்குக்கு மேல் துல்லியம். இடைவெளி குறைந்தால் போதும்.

வளவு_வீட்டுக்காரர்:
பாதி சரி. கடக்க 60 நானோ நொடி ஆவதில் தப்பில்லை தாயி, மாறாத தாமதத்தைக் கழித்துவிடலாம். ஆளுக்கு ஆள் மாறுவதுதான் வம்பு.

எங்கள் வீட்டு வளவில் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு தூணருகே விளையாடுவார்கள். ஆச்சி பணியாரத்துக்குக் குரல் கொடுத்ததும் இரண்டாம் கட்டு வாசலுக்கு ஓட்டம். முதல் பிள்ளை வாசலைத் தாண்டியதை வைத்து, ஆச்சி கூப்பிட்ட நேரத்தைச் சரியாகச் சொல்ல முடியுமா? வாசலுக்குக் கிட்டே இருந்தவன் இன்று ஒருவன், நாளை ஒருவன். மியூவான் வாயுவில் எலக்ட்ரான்களை உதிர்ப்பதும் அப்படித்தான், கண்ட இடத்தில்.

பிக்கோசெக்கில் பிள்ளைகளை எதிர்ச்சுவரோரம் ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். மியூவான் முதலில் 3 மி.மீ. மெக்னீசியம் ஃப்ளோரைடு படிகத்தில் செரன்கோவ் ஒளியைக் கிளப்புகிறது; படிகத்துக்குள் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சித் துகள் பாயும்போது எழும் ஒளி அது. அந்த ஒளி படிகத்தின் அடியில் பூசிய சீசியம் அயோடைடிலிருந்து எலக்ட்ரான்களைப் பெயர்க்கிறது. எல்லாம் ஒரே தளத்தில், ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. கீழே வெறும் 200 மைக்ரான் இடைவெளி, அதிலும் பலமான மின்புலம். எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்கியதுமே வாயுவில் மோதி எண்ணிக்கையில் பெருக ஆரம்பித்துவிடும். நேராக வாயுவில் உதிர்ந்தவை சிறுபான்மை.

கல்லல்_மாணவி:
இப்போது புரிகிறது ஐயா. அப்படியென்றால் எல்லா இடத்திலும் இதையே வைக்கலாமே?

வளவு_வீட்டுக்காரர்:
அந்தப் பூச்சு இருக்கிறதே, அதுதான் தலைவலி. பெருக்கத்தில் பிறக்கும் அயனிகள் திரும்பி வந்து அதையே அடித்துத் தின்னும். ஈரமும் ஆகாது. நானே ஒரு ஐப்பசி மழையில் பூசிய தகட்டை மேசையில் மறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், திறந்து வைத்த சீப்புச் சீடை மாதிரி நமுத்துக் கிடந்தது.