டோல்ட் நடையில் கற்பிக்கச் சவாரிப் பயிற்றுநர்களை எப்படித் தயார் செய்வது?

லாயத்துப்படி (கேள்வி)

வணக்கம். ஜெர்மனியில் ஐஸ்லாந்துக் குதிரைகள் மட்டுமே உள்ள ஒரு பண்ணையில் பணிபுரிகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று சவாரிப் பயிற்றுநர்களைத் தயார் செய்யும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மூவரும் பெரிய குதிரைகளில் டிராட் (துள்ளோட்டம்), கேன்டர் (பாய்ச்சலோட்டம்) என்று பல ஆண்டுகள் கற்பித்தவர்கள். ஆனால் டோல்ட், அதாவது ஐஸ்லாந்துக் குதிரைகளின் குலுங்காத நான்கு தட்டு நடை என்று வந்ததும், மாணவர் குலுங்காமல் உட்கார்ந்திருந்தாலே "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். நேற்று ஒரு பெட்டைக் குதிரை தலையை மேலே தூக்கி, முதுகைக் குழித்துக்கொண்டு இரண்டு சுற்று போயிற்று. கற்பித்தவர் கண்ணுக்கு அதில் ஒரு குறையும் படவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மணற்பாதை

காதிலிருந்து தொடங்குங்கள். டிராட்டில் எதிரெதிர் மூலைக் கால்கள் சேர்ந்து விழுவதால் இரண்டு தட்டுதான் கேட்கும். தட்டுகளுக்கு நடுவே குதிரை நான்கு கால்களையும் தரையிலிருந்து எடுத்துவிடும், அதனால்தான் குலுக்கல். டோல்ட்டில் இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் என்று நான்கும் தனித்தனியாக, சம இடைவெளியில் விழும். எப்போதும் ஒரு காலாவது தரையில் இருக்கும். நான் பயிற்றுநர்களைத் தார்ப்பாதை ஓரத்தில் முதுகைத் திருப்பி நிற்கவைத்து, பின்னால் குதிரையைப் போகச் சொல்வேன். "தகதிமி தகதிமி" என்று நான்கும் ஒரே அளவில் கேட்டால் அது டோல்ட். "தக்…திமி… தக்…திமி" என்று இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டால் ஒரு பக்கத்துக் கால்கள் சேர்ந்து விழத் தொடங்கிவிட்டன என்று பொருள். மெதுவான வேகத்தில் வரும் அந்த நடையை இங்கே 'ஷ்வைனபாஸ்', அதாவது பன்றி நடை என்கிறார்கள். ஒட்டகத்தின் மேல் இருப்பவரைப் போலச் சவாரி செய்பவர் இடமும் வலமுமாக ஆடுவார். ஆனாலும் தூக்கிப்போடாது, உங்கள் பயிற்றுநர்கள் ஏமாறுவது அங்கேதான். காதுக்கு எட்டியதைக் கைப்பேசியில் மெதுவான ஓட்டத்தில் படம்பிடித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சேணம்77

மணற்பாதை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த மூவரையும் ஒரு வாரமாவது மாணவர்களாகவே குதிரையில் ஏற்றுங்கள். டிராட்டில் அங்கவடியை மிதித்து எழுந்து எழுந்து அமர்ந்த பழக்கம் உடம்பில் ஊறியிருக்கும். டோல்ட்டில் அதற்கு வேலையில்லை என்பதால் பலர் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி, கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பார்கள். அந்த இழுப்பில்தான் தலை மேலே போகிறது, முதுகு குழிகிறது. அதைத் தன் கையிலேயே உணர்ந்தவர்தான் மாணவரின் கையில் கண்டுபிடிப்பார்.

குதிரைக்குக் குதிரை பாடம் மாறும் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். டிஎம்ஆர்டி3 என்ற மரபணுவின் ஒரு மாற்றம் டோல்ட் போன்ற நடைகளுக்குக் காரணமாக இருப்பதை 2012இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்ற ஐஸ்லாந்துக் குதிரைகளே பெரும்பாலும் ஐந்தாவது நடையான பாஸையும் (ஒரு பக்கத்துக் கால்கள் சேர்ந்து விழும் நடை) காட்டுகின்றன. பன்றி நடைக்குச் சரியும் இயல்பும் அவற்றிடம்தான் அதிகம். (நம் பழைய நூல்களும் புரவிக்கு ஐங்கதி சொல்கின்றன, அவை வேறு ஐந்து என்றாலும், இந்தக் குதிரைகளோடு இருக்கும்போது அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும்.) அப்படிச் சரியும் குதிரையை விரட்டக் கூடாது. சாதாரண மெதுநடைக்கு இறக்கி, வளைவுகளில் உடம்பை இளக்கி, மறுபடி சில அடிகள் மட்டும் டோல்ட் கேட்க வேண்டும். பத்து நல்ல அடி கிடைத்ததும் நிறுத்தச் சொல்லும் பொறுமை பயிற்றுநருக்கு வர வேண்டும்.

லாயத்துப்படி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை தார்ப்பாதையில் நிற்கவைத்தேன். முதல் இரண்டு குதிரைகளையும் மூவரும் தவறாகவே சொன்னார்கள். ஐந்தாவதாக அதே பெட்டைக் குதிரையை விட்டபோது, ஒருவர் திரும்பிப் பார்க்காமலேயே, "கையைத் தளர்த்தச் சொல்லுங்கள், ஒட்டுகிறது" என்றார். நாளை அவரையே அதில் ஏற்றப் போகிறேன்.